வயதான பூனையின் பின்னங்கால்கள் திடீரென்று விழுந்துவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் நன்றாகச் சாப்பிட்டு ஜன்னலோரம் வெயில் காய்ந்த பூனை, மதியம் அலறிக்கொண்டு பின்பாதி உடம்பைத் தரையில் இழுக்கிறது. நம் வீடுகளில் முதலில் வரும் வார்த்தை "வாதம் அடிச்சிடுச்சு". அடுத்து எண்ணெய் காய்ச்சத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் வயதான பூனைக்குக் கால் இப்படி ஒரே நொடியில் விழுந்தால், பெரும்பாலும் கோளாறு இருப்பது இதயத்தில். மரத்துப்போன காலைப் போலத் தெரிந்தாலும் பூனை அந்த நேரத்தில் கடுமையான வலியில் இருக்கிறது. இந்த ஒன்றைப் பூனை வளர்க்கும் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இப்போதுதான் நடந்தது. முதலில் என்ன செய்வது?

கால்நடை மருத்துவருக்குப் போன் போடுங்கள். காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். போனிலேயே இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: பூனைக்கு வலி ஊசி போட மருந்து இருக்கிறதா, ஆக்ஸிஜன் இருக்கிறதா. வலுவான வலி மருந்துகள் உரிமக் கட்டுப்பாட்டில் இருப்பதால் எல்லா கிளினிக்கிலும் இருப்பதில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி தெரிந்திருக்கும். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவு உண்டு. கூட்டம் அதிகம்தான், ஆனால் ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைப்பது பெரிய உதவி.

தூக்கும்போது முதுகும் இடுப்பும் வளையாமல், விரித்த துண்டோடு சேர்த்துத் தூக்குங்கள். எவ்வளவு பழகிய பூனையும் வலியில் கடிக்கும். கூடையோ அட்டைப்பெட்டியோ, காற்று போகும்படி இருந்தால் போதும். வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினால், வழியில் அதற்குத் தண்ணீரோ சாப்பாடோ புகட்டாதீர்கள்.

என்னதான் நடக்கிறது? நேற்று வரை ஒன்றுமே இல்லையே?

வெளியில் தெரியாமல் இதயத் தசை தடித்துப்போகும் நோய் பூனைகளிடம் சாதாரணமாகக் காணப்படுவது. தடித்த இதயம் சரியாக விரியாது. அதனால் இடது மேலறை பெருத்து, ரத்தம் அங்கே தேங்கி உறைகிறது. ஒருநாள் அந்த உறைவு பெயர்ந்து பெருந்தமனி வழியே கீழே இறங்குகிறது. இடுப்புக்கு அருகே தமனி இரண்டு கால்களுக்குமாகப் பிரியும் இடத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. அந்த நொடியில் பின்னங்கால்களுக்கு ரத்தம் நின்றுவிடும். போதாததற்கு, உறைவிலிருந்து கசியும் வேதிப்பொருட்கள் பக்கத்திலுள்ள சிறிய ரத்தக்குழாய்களையும் சுருக்கிவிடுகின்றன. மாற்று வழியில் ரத்தம் போகும் வாய்ப்பும் குறைகிறது.

இதய நோய் இருப்பதே வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. இப்படிக் கால் விழும் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த நோயின் முதல் வெளி அடையாளமே இதுதான். எனவே "நான் கவனிக்காமல் விட்டுவிட்டேனோ" என்று உங்களை நீங்களே குத்திக்கொள்ள வேண்டாம். ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்த டாக்டருக்கும்கூடச் சில பூனைகளில் எந்தச் சத்தமும் கேட்பதில்லை.

தைராய்டு அதிகமாகச் சுரக்கும் வயதான பூனைகளுக்கும் இதயம் பாதிக்கப்பட்டு இப்படி ஆகலாம். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே வந்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரத்த உறைவுதான் என்று நான் வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும். முன்னங்காலின் உள்ளங்காலையும் பின்னங்காலின் உள்ளங்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னங்காலில் ரோஜா நிறம் இருக்கும். பின்னங்காலில் வெளுத்தோ, நாவல்பழக் கறை படிந்த மாதிரி நீலம் பாரித்தோ இருக்கும். புறங்கையால் தொட்டால் பின்னங்கால் சில்லென்றிருக்கும். கெண்டைத் தசை சில மணி நேரத்தில் கட்டை மாதிரி இறுகிவிடும். தொடையின் உள்பக்கம் விரல் வைத்தால் நாடி தட்டுப்படாது. இந்த நான்கும் சேர்ந்து, கூடவே அலறலும் இருந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லாத அளவுக்கு உறைவுதான். உள்ளங்கால் கறுப்பாக உள்ள பூனைகளில் நிறம் ஏமாற்றும். அங்கே சூட்டையும் நாடியையும்தான் நம்ப வேண்டும்.

சில நேரம் ஒரு கால் மட்டும் விழும். ஒரு முன்னங்கால்கூட விழலாம்.

கிளினிக்கில் டாக்டர் ஒரு சுலபமான சோதனை செய்யக்கூடும்: முன்னங்கால் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, பின்னங்கால் ரத்தத்தில் எவ்வளவு என்று குளுக்கோமீட்டரில் ஒப்பிட்டுப் பார்ப்பார். அடைபட்ட காலில் சர்க்கரை தெளிவாகக் குறைந்திருக்கும்.

வேறு என்ன காரணமாக இருக்கலாம்?

மாடியிலிருந்து விழுந்தது, பைக்கில் அடிபட்டது, நாய் இடுப்பைக் கவ்வியது. இவற்றில் முதுகெலும்பு பாதிக்கப்படும். கால் அசையாது, ஆனால் சூடாக இருக்கும், நாடி இருக்கும். அப்படியானால் பூனையைப் பலகையிலோ தடித்த அட்டையிலோ படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். தண்டுவடத்தில் கட்டி வந்தாலும் கால் பலவீனமாகும், அது பெரும்பாலும் நாட்கணக்கில் வளரும். சர்க்கரை நோயுள்ள பூனை குதிகால் தரையில் படும்படி நடக்கும், அதுவும் மெதுவாகத்தான் வரும்.

தோட்டம் துரவு உள்ள வீடாக இருந்தால் கட்டுவிரியன் கடியையும் நினைக்க வேண்டும். அதில் நான்கு கால்களும் தளர்ந்து, கண்மணி விரிந்து, மூச்சும் தளரத் தொடங்கும். அதுவும் உடனே ஓட வேண்டிய விஷயம்தான்.

ஆண் பூனை அடிக்கடி மணல் தட்டில் உட்கார்ந்து முக்கினால், நடக்கத் தள்ளாடினால், அது மூத்திர அடைப்பாகவும் இருக்கலாம். அதையும் கால் பிரச்சினை என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள்.

எண்ணெய் தேய்க்கலாமா? வெந்நீர் ஒத்தடம்?

வேண்டாம். ரத்தம் ஓடாத தோல் சூட்டைக் கடத்திவிட முடியாமல் வெந்துபோகும். பூனையால் காலை இழுத்துக்கொள்ளவும் முடியாது. தேய்த்தால் செத்துக்கொண்டிருக்கும் தசை இன்னும் நசுங்கும், வலியும் கூடும். வயதான பாட்டிகள் அன்போடுதான் செய்கிறார்கள், தெரியும். அவர்களிடம் பூனையின் தலையைத் தடவிக் கொடுக்கச் சொல்லுங்கள். உடம்புக்கு மேலே ஒரு மெல்லிய துண்டைப் போர்த்தினால் போதும்.

வீட்டில் பாராசிட்டமால், ஆஸ்பிரின் இருக்கிறதே?

பாராசிட்டமால் பூனையைக் கொல்லும். அரை மாத்திரையே போதும் கொல்வதற்கு. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எதுவும் கூடாது. ஆஸ்பிரினைப் பூனையின் உடம்பு மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். மருத்துவர்கள் கொடுத்த காலத்திலும் 3 நாளுக்கு ஒரு முறை என்ற கணக்கில்தான் கொடுத்தார்கள். நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

டாக்டர் என்ன செய்வார்? நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

முதலில் வலி. ஃபென்டானில், மெத்தடோன், புப்ரினார்ஃபின் போன்றவை நல்ல மருந்துகள். அவை இல்லாத இடத்தில் புட்டார்ஃபனால், டிரமடால் என்று கையில் இருப்பதைப் போடுவார்கள். பூனையின் அலறல் நின்று, உடம்பு தளர்ந்து, தலையைக் கீழே வைத்துப் படுக்க வேண்டும். அதுவரை மற்ற எதைப் பற்றியும் பேசுவதில் பயனில்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது மூச்சு. நுரையீரலில் நீர் கோத்திருந்தால் ஆக்ஸிஜனும் நீர் இறக்கும் ஊசியும் தேவை. பிறகு உறைவு மேலும் வளராமல் இருக்க ஹெப்பாரின் ஊசி, வாய்வழியே க்ளோபிடோக்ரெல்.

இங்கே ஒரு வேண்டுகோள். பூனை துவண்டு கிடப்பதைப் பார்த்து "ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் போடுங்க டாக்டர்" என்று நாமே வற்புறுத்துகிறோம். இதயம் பழுதான பூனைக்கு வேகமாக ஏற்றும் ட்ரிப்ஸ் நுரையீரலில் போய்த் தேங்கும். அதேபோல் வாதம் என்று நினைத்து ஸ்டீராய்டு போடுவதும் இதயத்தை மேலும் தள்ளாட வைக்கலாம். இதயத்தைப் பார்த்துவிட்டீர்களா, உடல் வெப்பம் எவ்வளவு, நாடி இருக்கிறதா என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் எவரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

உறைவைக் கரைக்கவோ ஆபரேஷனில் எடுக்கவோ முடியாதா?

மனிதர்களுக்கு மாரடைப்பில் போடுகிற கரைக்கும் மருந்தைப் பூனைகளுக்கும் முயன்று பார்த்திருக்கிறார்கள். 2022இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அந்த மருந்து போட்ட பூனைகளும் போடாத பூனைகளும் வீடு திரும்பியதில் குறிப்பிடும்படியான வேறுபாடு தெரியவில்லை. ஆபரேஷனுக்கான மயக்கத்தை இந்த இதயம் தாங்குவது கடினம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அடைப்பு திறந்து ரத்தம் மறுபடி ஓடும்போது, செத்த தசையில் தேங்கிய பொட்டாசியமும் அமிலமும் மொத்தமாக இதயத்துக்கு வந்து சேரும். கொஞ்சம் தேறிய மாதிரி இருந்த பூனை இரண்டாம், மூன்றாம் நாள் திடீரென்று போய்விடுவது இதனால்தான். முதல் சில நாட்கள் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

பிழைக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.

கடினம். 2014இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், சாதாரண கிளினிக்குகளுக்கு வந்த 250 பூனைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். 61 சதவீதத்தை வந்த அன்றே கருணைக்கொலை செய்துவிட்டார்கள். முதல் 24 மணி நேரத்தைத் தாண்டியவை 68. அந்த 68இல் 30 பூனைகள் குறைந்தது ஒரு வாரம் இருந்தன. ஒரு வருடம் கழித்தும் இருந்தவை 6.

இந்தக் கணக்கைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிகிச்சையே கொடுக்காமல் முடிக்கப்பட்ட பூனைகளும் இதில் அடக்கம். முதல் நாளைத் தாண்டியவற்றை மட்டும் எடுத்தால், ஒரு வாரம் இருந்தவை பாதிக்குச் சற்றுக் குறைவு. அது பெரிய நம்பிக்கை இல்லை, ஆனால் கைவிட வேண்டிய எண்ணும் இல்லை.

உங்கள் பூனை எந்தப் பக்கம் என்று ஊகிக்கச் சில அறிகுறிகள் உண்டு. ஒரு கால் மட்டும் விழுந்திருந்தால் வாய்ப்பு நன்றாகவே கூடும். கால் முழுக்கச் செத்துப்போகாமல் கொஞ்சம் அசைவு இருந்தாலும் நல்லது. உடல் வெப்பம் மிக முக்கியம். பூனைக்குச் சாதாரணமாக 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் இருக்கும். 2003இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆசனவாயில் பார்த்த வெப்பம் 37.2 டிகிரி என்றால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்று கண்டார்கள். அதற்குக் கீழே இறங்க இறங்க வாய்ப்பும் இறங்கும். நுரையீரலில் நீர் கோத்திருந்தால் பின்னாளைய ஆயுசு குறையும்.

கருணைக்கொலை செய்யச் சொல்கிறார்கள். பாவம் இல்லையா?

இந்தக் கேள்வியோடு அழுதவர்கள் எத்தனையோ பேர். என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். வலி அடங்காத பூனையை "இயற்கையாகப் போகட்டும்" என்று வீட்டுக்குத் தூக்கி வருவதுதான் இதில் மிகக் கொடுமையானது. அது தூக்கத்தில் போவது கிடையாது. மணிக்கணக்காக, சில நேரம் நாள்கணக்காகத் துடிக்கும். இரண்டு கால்களும் கட்டையாகி, உடம்பு சில்லிட்டு, மூச்சும் திணறி, ஊசிக்கும் வலி அடங்கவில்லை என்றால், விடை கொடுப்பது அதற்குச் செய்யும் உபகாரம்.

ஆனால் வலி ஊசி போடுமுன்பே அந்த முடிவை எடுக்காதீர்கள். அலறலைக் கேட்டுக்கொண்டு யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. முதலில் வலியை அடக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கழித்து வெப்பத்தையும் மூச்சையும் பார்த்து, வீட்டில் யார் பார்த்துக்கொள்வது, செலவு எவ்வளவு தாங்கும் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். பணம் இல்லாததால் எடுக்கும் முடிவும் அன்பில்லாத முடிவு ஆகாது.

செய்வதென்றால், முதலில் மயக்க ஊசி போட்டுத் தூங்கிய பின்பே அடுத்த ஊசி போடும்படி கேட்டு வாங்குங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், இருக்க முடியாவிட்டாலும் தவறில்லை.

வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டோம். எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஒரே அறை, ஒரே மூலை. டைல்ஸ் தரையில் பூனையால் ஊன்றவே முடியாது. பழைய யோகா பாயோ சாக்கோ விரித்து, அதன்மேல் மடித்த பருத்தித் துணி போடுங்கள். ஒரே பக்கம் படுத்தே கிடந்தால் இடுப்பெலும்புக்கு மேல் புண் வரும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள்.

நம் ஊர் வெயிலில் எறும்பும் ஈயும்தான் பெரிய எதிரிகள். உணர்ச்சி இல்லாத காலில் எறும்பு மொய்த்தால் பூனைக்குத் தெரியவே தெரியாது. சாப்பாட்டுத் தட்டை உடனே எடுத்துவிடுங்கள். கட்டிலோ மேஜையோ ஆனால் கீழே விழுந்துவிடும் என்பதால், தரையிலேயே வைத்துச் சுற்றிலும் மஞ்சள் தூள் போடுகிறவர்கள் உண்டு. தினமும் துடைத்துச் சுத்தமாக வைப்பது அதைவிட நம்பகமானது. எறும்பு சாக்பீஸ், பூச்சி மருந்து ஸ்ப்ரே எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, அவற்றிலுள்ள மருந்து பூனைக்கு விஷம். ஈரமான வாலடியில் ஈ முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். வாலடி முடியைக் கத்தரித்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, நன்றாக ஒற்றிக் காயவையுங்கள். ஒரு பழைய கொசுவலையை மேலே கட்டிவிட்டால் பகல் நேரத்துக்கு நிம்மதி.

உணர்வு திரும்பும்போது குறுகுறுப்பு தாங்காமல் சில பூனைகள் தங்கள் விரலையே கடித்துக் குதறும். அப்படித் தொடங்கினால் கழுத்துக்கூம்பு போட்டு, டாக்டரிடம் கேபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்து பற்றிக் கேளுங்கள்.

இரண்டு நாளுக்கு மேல் சாப்பிடாமல் விடக்கூடாது. பட்டினி கிடக்கும் பூனைக்கு, முக்கியமாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து அது தனி நோயாகிவிடும். மத்தி, சங்கரா, கோழி ஈரல் என்று மணமாக, இளஞ்சூடாகக் கொடுத்துப் பாருங்கள். கருவாடு வேண்டாம், இதயத்துக்கு அந்த உப்பு ஆகாது.

மூத்திரம் போகவே இல்லை. என்ன செய்ய?

எல்லாப் பூனைக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் 12 மணி நேரம் துணி நனையாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். சிறுநீர்ப்பையை வெளியிலிருந்து மெதுவாக அழுத்தி எடுக்கும் முறையை அவர் உங்கள் கையைப் பிடித்தே காட்டித் தருவார். அடிவயிற்றில் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டையாகத் தட்டுப்படும். இரு பக்கமும் விரலை வைத்து, வால் பக்கமாக நிதானமாக அழுத்த வேண்டும். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம், பை கிழிந்துவிடலாம். சொட்டுச் சொட்டாகத் தானாக ஒழுகினாலும் பை காலியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

நிற்கத் தொடங்கியதும், விளிம்பு தாழ்ந்த தட்டில் மணல் போட்டுப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

க்ளோபிடோக்ரெல் எப்படிக் கொடுப்பது? வாயில் நுரை தள்ளுகிறது.

மனிதர்களுக்கான 75 மி.கி. மாத்திரையில் கால் பங்கு, அதாவது 18.75 மி.கி., தினம் ஒரு முறை. இதுதான் வழக்கமான அளவு. உங்கள் பூனைக்கு எவ்வளவு என்பதை டாக்டர் எழுதித் தர வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும்போது ஆஸ்பிரின் சேர்ந்த மாத்திரையைத் தந்துவிடுவார்கள், பெயரும் ஒரே மாதிரி இருக்கும். க்ளோபிடோக்ரெல் மட்டும் உள்ளது என்று அட்டையில் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

நுரை தள்ளுவது கசப்பினால். வெட்டிய துண்டைச் சிறிய காலி கேப்ஸ்யூலில் போட்டு, மேலே கொஞ்சம் வெண்ணெய் தடவி உள்ளே தள்ளிவிட்டு, சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். பொடித்துச் சாப்பாட்டில் கலந்தால் அந்தச் சாப்பாட்டையே அது வெறுத்துவிடும்.

இந்த மருந்தின் பலன் அளந்து பார்க்கப்பட்டது. ஒருமுறை உறைவு வந்து பிழைத்த 75 பூனைகளில் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பிரின் எடுத்தவற்றுக்கு மறுபடி உறைவு வர இடைநிலைக் கணக்கில் 192 நாள் ஆயிற்று. க்ளோபிடோக்ரெல் எடுத்தவற்றுக்கு 443 நாள்.

கால் திரும்பி வருமா?

பிழைத்த பூனைகளில் பலவற்றுக்கு வருகிறது. இடுப்பு முதலில் அசையும், பிறகு முழங்கால், கடைசியில்தான் பாதமும் விரலும். ஓரிரு வாரத்தில் தொடங்கி ஆறு வாரம்வரை எடுக்கும். குதிகால் தொங்கிய நடை சிலவற்றுக்கு நிலைத்துவிடுகிறது, அதோடு நன்றாகவே வாழ்கின்றன. வலியும் வீக்கமும் அடங்கியபின், டாக்டர் சரி என்றால், ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக மடக்கி நீட்டிவிடலாம். தோல் கறுத்து, வாடை அடித்தால் அந்த இடம் செத்துவிட்டது. விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரலாம்.

எங்கள் வீட்டில் பூனைக்குப் பால்சோறும் தயிர்சோறும்தான். அதனால் வந்ததா?

தசை தடிக்கும் நோய்க்கு அது காரணம் இல்லை. ஆனால் பூனைக்கு டாரின் என்ற சத்து சாப்பாட்டிலிருந்தே கிடைத்தாக வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. டாரின் குறைந்தால் இதயம் மெலிந்து விரிந்துபோகும் என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987இல் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் பூனைத் தீவனங்களில் அதைக் கூட்டினார்கள். இப்படி விரிந்த இதயத்திலும் உறைவு வரும். சைவ வீடுகளில் இதைச் சொல்வது சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். பூனைக்குச் சமைக்க முடியாவிட்டால் கடைத் தீவனமாவது கொடுங்கள். நாய்த் தீவனம் ஈடாகாது. மீனையோ கோழியையோ வேகவைத்தால், வேகவைத்த தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுங்கள், டாரின் அதில்தான் இறங்கியிருக்கும்.

வீட்டில் இன்னொரு பூனையும் இருக்கிறது. அதைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?

தொற்றாது. ஒரே வயிற்றில் பிறந்ததாக இருந்தால், அல்லது பெர்ஷியன், மெய்ன் கூன் போன்ற இனமாக இருந்தால், எக்கோ (இதய ஸ்கேன்) ஒன்று எடுத்துவிடுங்கள். இடது மேலறை பெருத்திருப்பது தெரிந்தால், உறைவு வருமுன்பே க்ளோபிடோக்ரெல் தொடங்கலாம். பத்து வயதுக்கு மேலென்றால் தைராய்டும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது, தூங்கும்போது மூச்சு எண்ணுவது. நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை எண்ணி காலண்டரில் குறித்து வையுங்கள். உறைவு வந்து பிழைத்த பூனைக்கு இதைத் தினமும் செய்யுங்கள். நன்றாகத் தூங்கும்போதும் 30ஐத் தாண்டிக்கொண்டே போனால், அடுத்த விசிட் வரை காத்திராமல் அன்றே காட்டிவிடுங்கள்.